குருவா? ஆசிரியரா?

பள்ளிக்கூடத்துக்கு நான்கு சுவர் உண்டு. வாயிலிலே ஒரு மணி உண்டு. காலையில் அது ஒலித்தால் பாடம் தொடங்கும். மாலையில் ஒலித்தால் பிள்ளைகள் வீடு திரும்புவர். ஆசிரியர் தம் வழி செல்வார். மாணவன் தன் வழி செல்வான். இருவருக்கும் இடையே, மறுநாள் காலை வரையில், ஓர் இரவு இருந்தது.

அந்த இரவு இப்போது இல்லை! உள்ளங்கை அகலமே உள்ள ஒரு கருவி, பள்ளியின் சுவரைத் தாண்டி, மணியின் ஓசையை மீறி, மாணவியின் தலையணைக்குப் பக்கத்திலே ஆசிரியரின் சொல்லைக் கொண்டுவந்து வைக்கிறது. "நாளைத் தேர்வுக்கு மூன்றாம் பாடத்தை மறவாதே" என்ற சொல்லும் அந்த வழியேதான் வருகிறது. "இன்னும் உறங்கவில்லையா?" என்ற சொல்லும் அந்த வழியேதான் வருகிறது.

ஆசிரியர் தம் மாணவருக்குக் கைப்பேசியிலே செய்தி அனுப்புவது முறையா, முறையன்றா? கேள்வி சிறிதெனத் தோன்றும். ஆனால் அதன் வேர், நம் சமுதாயத்தின் பழைய மண்ணுக்குள்ளே நெடுந்தூரம் ஓடுகிறது.

ஒரு சாரார் கூறுகின்றனர், "கைப்பேசியே கேடு, அதைப் பள்ளியினின்றும் துரத்திவிட்டால் ஒழுக்கம் தானே தழைக்கும்" என்று. மற்றொரு சாரார், "மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசை வகுத்த நாடு இது, குருவை ஐயுறுவதே பாவம்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கின்றனர். முன்னவர் கருவியைக் கண்டு அஞ்சுகின்றனர். பின்னவர் மனிதரைக் கண்டு வணங்குகின்றனர். அச்சமும் வணக்கமும் ஆராய்ச்சிக்கு எந்நாளும் பகையே. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, அறிவின் துலாக்கோலை எடுப்போம்.

கருவியின் வரலாறு நீண்டதன்று. 1992 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆம் நாள், இங்கிலாந்திலே முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அது. ஒரு செய்திக்கு 160 எழுத்து என்பது அதன் எல்லை. இந்தியாவிலே 1995 ஜூலை 31 அன்று, மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசி, கைப்பேசிச் சேவையைத் தொடங்கிவைத்தார். அந்நாளில் அது செல்வரின் அணிகலன். அழைத்தாலும் காசு, அழைக்கப்பட்டாலும் காசு! ஏழை அதைத் தொலைவிலிருந்து பார்த்தான். கால் நூற்றாண்டு கழிந்தது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று பள்ளிகளின் கதவைச் சாத்தியபோது, அணிகலன் ஊன்றுகோலாக மாறிற்று. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி பாடத்தை வீட்டுக்குக் கொண்டுசென்றது. ஆனால் தொலைக்காட்சி பேசும், கேளாது. ஐயம் எழுந்த பிள்ளை யாரைக் கேட்பது? ஆசிரியரின் கைப்பேசி எண்ணைத்தான் தேடிற்று. வகுப்புக்கு ஒரு வாட்சப் குழு பிறந்தது. பள்ளிகள் மீண்டும் திறந்தன, குழுக்களோ மூடப்படவில்லை. நெருக்கடிக்கென வந்தது நடைமுறையாக நிலைத்துவிட்டது. ஆனால், நடைமுறைக்கு வேண்டிய நெறியை வகுத்த பள்ளிகள் எத்தனை?

முதலில் நன்மையை நிறுப்போம். நேர்மை அதைத்தான் கேட்கிறது.

கல்வியிலே ஏற்றத்தாழ்வு வகுப்பறைக்குள் மட்டுமா விளைகிறது? மாலை ஆறு மணிக்கு மேல்தான் அது நன்றாக விளைகிறது! தலைமுறை தலைமுறையாய்ப் படித்த வீட்டிலே, பையனுக்குக் கணக்கு வரவில்லையென்றால் அப்பா இருக்கிறார்; ஆங்கிலம் தடுக்கினால் அத்தை இருக்கிறார்; இருவரும் அலுத்துக்கொண்டால், மாதம் ஆயிரக்கணக்கில் கொடுத்து வைத்துக்கொள்ளத் தனிப்பயிற்சி ஆசிரியர் இருக்கிறார். களத்து மேட்டிலிருந்து திரும்பும் தாய்க்கும், சுமை இறக்கிவிட்டு வரும் தந்தைக்கும் பிறந்த பிள்ளைக்கு யார் இருக்கிறார்? மணி ஒலித்ததும் அந்தப் பிள்ளைக்குக் கல்வியும் முடிந்துவிடுகிறது. 1953 இல் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் என்ன சொல்லிற்று? பள்ளிநேரத்தைக் குறைத்து, மீந்த நேரத்திலே அப்பன் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு நாடெங்கும் போர் முழக்கம் எழுப்பியவர்கள் நாம். 1954 இல் காமராசர் ஆட்சியிலே அது மூட்டை கட்டப்பட்டது. திட்டம் போயிற்று. ஆனால் ஏழை வீட்டு மாலைப்பொழுது, இன்னும் அந்தத் திட்டத்தின் ஆட்சியிலேயே இருக்கிறது!

அந்த மாலைப்பொழுதிலே, ஆசிரியரின் ஒரு குறுஞ்செய்தி விளக்கேற்றி வைக்கிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நாளை கடைசி நாள் என்று ஒருவர் நினைவூட்டுகிறார். மூன்று நாள் வரவில்லையே, உடல்நலம் இல்லையா என்று ஒருவர் கேட்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பது, எங்கே விண்ணப்பிப்பது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு, ஊரிலே யாரும் காட்டாத வழியை ஆசிரியரின் மூன்று வரிச் செய்தி காட்டிவிடுகிறது. ஆகவே, "தடை செய்!" என்று கூவுவோரை நாம் ஒன்று கேட்போம்: தடையினால் யாருக்கு இழப்பு? அப்பாவும் அத்தையும் தனிப்பயிற்சியும் உடைய பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. ஆசிரியரைத் தவிர வேறு படித்தவரை அறியாத பிள்ளைக்கே அடைபடுகிறது வழி. அதிலும் பெண்பிள்ளைக்கு வழி முன்னமே குறுகியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் கைப்பேசியை உடைய பெண்கள், இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரிலே 53.9 விழுக்காடுதான். ஏறத்தாழப் பாதிப் பெண்களுக்குக் கைப்பேசி என்பது அண்ணனுடையது, அப்பாவுடையது, கணவனுடையது!

இனி, துலாக்கோலின் மற்றொரு தட்டுக்கு வருவோம்.

ஆசிரியரும் மாணவரும் ஒரே தரையில் நிற்பவர் அல்லர். ஒருவர் கையிலே மதிப்பெண் இருக்கிறது, செய்முறைத் தேர்வு இருக்கிறது, நற்சான்று இருக்கிறது, நாற்பது பேர் நடுவிலே பாராட்டவும் பழிக்கவும் வல்ல நாக்கு இருக்கிறது. மற்றவர் கையிலே எழுதுகோல் மட்டுமே இருக்கிறது. அதே "உறங்கவில்லையா?" என்ற சொல்லைத் தோழி அனுப்பினால் மறுமொழி தரலாம், தராமலும் இருக்கலாம். ஆசிரியர் அனுப்பினால்? மறுமொழி தராவிடில் நாளைக் காலை அவர் முகத்திலே விழிக்க வேண்டுமே! தந்தாலோ, அடுத்த கேள்வி வருமே! சொல் ஒன்றுதான், அனுப்பியவரின் அதிகாரம் அதனை ஆணையாக்கிவிடுகிறது. அதிகாரம் உள்ளவன் விளையாட்டாகக் கேட்டாலும், அதிகாரம் அற்றவனுக்கு அது விளையாட்டன்று.

தீமை ஒரே நாளில் வருவதில்லை. முதலில் பாடக்குறிப்பு வரும். அதிலே குற்றம் காண இயலாது. பிறகு பாராட்டு வரும்: "மற்றவரைப் போலன்று நீ" என்று. அடுத்து ஒரு குறை, ஒரு தன்னிரக்கம்: "என்னைப் புரிந்துகொண்டவள் நீ ஒருத்திதான்" என்று. அதன் பின்பே வருகிறது திறவுகோல்: "இதை யாரிடமும் சொல்லாதே, படித்ததும் அழித்துவிடு." இந்தச் சொல் வந்த அந்தக் கணத்தில், ஆசிரியம் செத்துவிட்டது என்று அறிக! அழிக்கச் சொல்லும் செய்தியில் பாடம் எங்கே இருக்கிறது? பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே இது நேரும் என்று எண்ணி ஆண்பிள்ளைகளைப் பெற்றோர் அமைதி கொள்ளவும் வேண்டாம். போக்சோ சட்டம் குழந்தை என்றுதான் சொல்கிறது. ஆண், பெண் என்று பிரிக்கவில்லை.

இத்தகைய செய்தி வந்ததும் பிள்ளை ஏன் வாய் திறப்பதில்லை? இங்கேதான் பழைய மண்ணின் வேர் காலில் தட்டுகிறது. தெய்வத்துக்கு முந்திய படியிலே நிறுத்தப்பட்டவர் ஆயிற்றே குரு! ஏகலைவன் கதையை எத்தனை தலைமுறைக்குச் சொல்லி வைத்திருக்கின்றனர்! வேடர் குலத்தான் என்பதால் கற்பிக்க மறுத்தவர், கற்பிக்காத கல்விக்குக் கட்டணமாகக் கட்டைவிரலைக் கேட்டார். கொடுத்தவனின் பக்தியைப் போற்றிப் பாடினர், கேட்டவரைப் பார்த்து, "எந்த நியாயத்தில் கேட்டீர்?" என்று வினவிய புராணிகர் யார்? 1985 முதல் இந்திய அரசு விளையாட்டுப் பயிற்சியாளருக்கு அளித்துவரும் விருதுக்கும் துரோணாச்சாரியார் பெயர்தான்! கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்துக்குப் பெயர் குருபீடம். அந்தப் பீடத்தில் அமர்ந்தவர் நல்லவராயின், அது பிள்ளையின் நற்பேறு. அல்லாதவராயின், பிள்ளைக்குப் போக்கிடம் இல்லை. ஒரு பிள்ளையின் வாழ்வை நற்பேற்றின் கையில் ஒப்படைக்கலாமா?

சேரன்மாதேவியை நினைவிற்கொள்க. தேசியக் கல்வி தருவதாகக் கூறிக் காங்கிரசின் பணமும் பெற்று வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்திலே, பார்ப்பனப் பிள்ளைக்கு வேறு பந்தி என்ற கொடுமை, 1924-25 இல் வெளியே வந்தது. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் கேள்வி கேட்டனர், நாடே கேட்டது. குருகுலத்தின் புனிதத்தைக் காப்பதற்காக வாய் மூடி இருந்திருந்தால், அந்தப் பந்தி எத்தனை ஆண்டு நீடித்திருக்கும்? அந்த நாளிலே கைப்பேசி இல்லை. ஆயினும் அநீதி இருந்தது. வெளிச்சம் பட்டதும் நிற்க முடியாமல் தவித்தது. கருவிக்கு முன்னமே பிறந்தது குற்றம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நம் முன்னோர் இந்த இடைவெளியைப் பற்றி எண்ணாமல் இல்லை. 13 ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூல், பொதுப்பாயிரத்திலே ஆசிரியர் இலக்கணமும் கூறுகிறது. மாணாக்கர் இலக்கணமும் கூறுகிறது. ஆசிரியரிடத்து மாணாக்கன் எப்படி இருக்க வேண்டும்? குளிர் காய்பவன் தீயினிடத்து இருப்பதைப் போல: விட்டு விலகிவிடவும் கூடாது, மிக நெருங்கிவிடவும் கூடாது. அழகிய உவமை, ஆழ்ந்த உவமையுங்கூட. ஆனால் நாம் ஒன்று கேட்போம். தீ எரியவும் வல்லது, எரிக்கவும் வல்லது. குளிர் காய வந்த குழந்தைக்கா அளவு சொல்வது? அன்று அளவு காக்கும் பொறுப்பு எளியவன் மேல் வைக்கப்பட்டது. இன்று அதனை வலியவர் மேல் மாற்றி வைக்க வேண்டும். விலகாமலும் நெருங்காமலும் நிற்க வேண்டியவர் ஆசிரியர். வெப்பம் தருவதும் அவர் கடமை. சுடாமல் இருப்பதும் அவர் கடமை. பிள்ளை அறியாமையால் நெருங்கி வந்தாலும், தள்ளி நின்று காக்க வேண்டியவர் அவரே. "அவள்தான் முதலில் செய்தி அனுப்பினாள்" என்பது வாதமாகாது. வளர்ந்தவர் யார், ஊதியம் பெறுபவர் யார், பொறுப்பேற்றவர் யார் என்பதே கேள்வி.

பொறுப்பை எப்படி நடைமுறையாக்குவது? பிறநாட்டார் பட்டறிவு ஒன்று நமக்குப் பாடமாகிறது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் 2011 இல் ஒரு சட்டம் செய்தது. ஆசிரியரும் மாணவரும் மூன்றாமவர் காண இயலாதபடி தனித்துப் பேச இடந்தரும் இணையத் தளங்களை ஆசிரியர் பயன்படுத்தலாகாது என்றது. பழைய மாணவருக்கும் அதை நீட்டிற்று. நோக்கம் நன்று, வலையோ மிக அகலம். ஆசிரியர் சங்கம் வழக்காடியது. அந்தத் தடை, பெற்ற பிள்ளையோடு ஆசிரியர் பேசுவதைக்கூடத் தடுக்கும். பேச்சுரிமையை அச்சத்தில் உறையவைக்கும் என்று கண்ட நீதிமன்றம், நடைமுறைக்கு வருமுன்னமே, ஆகஸ்டு 26 அன்று இடைக்காலத் தடை விதித்தது. சில திங்களுக்குள்ளாகவே சட்டமன்றம் அந்தப் பகுதியை நீக்கி, ஒவ்வொரு பள்ளி வட்டாரமும் எழுத்து வடிவில் தன் நெறியை வகுக்க வேண்டுமெனத் திருத்திற்று. லூசியானா மாநிலம் 2009 இலேயே வேறு வழி சென்றது: மாணவரோடு தொடர்புகொள்ளப் பள்ளி தரும் வழியைப் பயன்படுத்துக, சொந்த வழியைப் பயன்படுத்த நேர்ந்தால் அதைப் பள்ளிக்குத் தெரிவித்துவிடுக. முன்னது பூட்டுப் போட்டது; பின்னது விளக்கு வைத்தது. பூட்டு உடைந்தது. விளக்கு எப்போதும் பயன்படும்.

நம் நாட்டு நிகழ்ச்சியும் இதையே காட்டுகிறது. 2021 மே திங்களில், சென்னையிலே தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர்மீது மாணவியரும் முன்னாள் மாணவியரும் குற்றம் சாட்டினர். இணைய வகுப்பிலே முறைகேடாக நடந்தார், தகாத செய்திகள் அனுப்பினார் என்றனர். போக்சோ சட்டத்தின் கீழ் அவர் கைது செய்யப்பட்டார். குற்றவாளியா, அல்லவா என்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் கருத வேண்டியது வேறு. சமூக வலைத்தளத்திலே ஒருத்தி வாய் திறந்ததும், ஆண்டுக்கணக்கில் ஊமையாய் இருந்தோர் பலர் வாய் திறந்தனர். தமிழக அரசும் இணைய வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும், பள்ளி நிருவாகமும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் அப்பதிவுகளை ஆய்வு செய்ய வேண்டும் என்று நெறி வகுத்தது. கைப்பேசி குற்றத்துக்குப் பாதையாகலாம். அதுவே சான்றாகவும் ஆகிறது. பூட்டிய அறையிலே சொன்ன சொல் காற்றோடு போகும். எழுதி அனுப்பிய சொல் எழுதியவனைக் காட்டிக்கொடுக்கும்.

ஆக, நாம் வைக்கும் அளவுகோல் இதுதான்: மூன்றாமவர் ஒருவர் முன்னிலையில் சொல்லத் தகாத சொல்லை, மாணவருக்கு அனுப்பாதே!

எளிய அளவுகோல்; ஆயினும் எளிதில் எதிர்ப்பு எழும். அறிவுடைய தோழர் ஒருவர் கேட்கக்கூடும்: "எல்லாம் வெளிச்சத்தில் என்கிறீர்களே! பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் பேச வேண்டும் என்றால், பெற்றோராலேயே துன்புறும் பிள்ளை எங்கே பேசும்? பதினாறு வயதுப் பெண், 'நாளை எனக்குத் தாலி கட்டப் போகிறார்கள், காப்பாற்றுங்கள்' என்று நள்ளிரவில் ஆசிரியைக்குச் செய்தி அனுப்பினால், 'பள்ளி நேரத்தில் குழுவில் பேசு' என்று அவர் மறுமொழி தர வேண்டுமா?"

சரியான கேள்வி. சடங்காகப் பின்பற்றும் எந்த விதியும் இங்கே உடைந்துபோகும். சிந்தித்துப் பின்பற்றும் விதி உடையாது. அந்த ஆசிரியை உடனே மறுமொழி தர வேண்டும். உறக்கத்தை விட்டெழ வேண்டும். 2006 ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அவருக்குத் துணை நிற்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. அவர் செய்யலாகாதது ஒன்றே: அந்தச் செய்தியைத் தம்மோடு மட்டும் வைத்துக்கொள்ளலாகாது. தலைமையாசிரியரிடமோ, குழந்தைகள் நலக் குழுவிடமோ, காவல்துறையிடமோ சொல்லியாக வேண்டும். குழந்தையின் மறைவு வேறு; ஆசிரியரின் மறைவு வேறு! குழந்தை தன் துன்பத்தை உலகுக்கு மறைக்கலாம். அது அவள் உரிமை, அவள் கவசம். ஆசிரியர் தம் செயலைப் பொறுப்புடைய எவருக்குமே மறைப்பாரானால், அது கவசமன்று, திரை. வெளிச்சம் என்று நாம் சொல்வது, பிள்ளையின் கண்ணீரை ஊர் நடுவே பரப்புவதையன்று. ஆசிரியரின் செயலுக்குப் பொறுப்புள்ள ஒரு சாட்சி இருப்பதைத்தான்.

இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டால், விதிகள் தாமே வடிவு பெறும். ஒன்று: பாடச் செய்திகள் பொதுக்குழுவிலே வரட்டும், குழுவிலே ஓர் ஆசிரியர் மட்டும் இராமல் இருவர் இருக்கட்டும், பெற்றோரும் இருக்கட்டும். இரண்டு: செய்திக்குக் காலவரை இருக்கட்டும், இரவு பாடத்துக்குரியதன்று. மூன்று: மாணவரிடம் அவர் படத்தைக் கேட்பதும், தம் படத்தை அனுப்புவதும், தானே அழியும் செய்தியை அனுப்புவதும் ஒருபோதும் வேண்டாம். நான்கு: ஆபத்தினால் தனிச்செய்தி தேவைப்பட்டால், காலதாமதமின்றித் தலைமையாசிரியருக்கு அறிவிக்கப்படட்டும். ஐந்து: கைப்பேசி இல்லாத பிள்ளைக்கு அதே செய்தி, மறுநாள் கரும்பலகையிலும் எழுதப்படட்டும், இல்லையெனில் இல்லாதவன் வீட்டு இருட்டு இன்னும் அடர்ந்துவிடும்.

வெளிச்சம் என்ற பெயரால் நேரும் வேறொரு கொடுமையையும் இங்கே கண்டிக்க வேண்டும். கட்டணம் கட்டாதோர் பெயர்ப் பட்டியலைப் பொதுக்குழுவில் இடுவது, குறைந்த மதிப்பெண் பெற்றவனைக் குழுவிலே எள்ளுவது, உதவித்தொகைப் பட்டியலைச் சாதிப் பெயரோடு எல்லார் கண்ணிலும் படும்படி அனுப்புவது—இவை வெளிச்சம் அல்ல; சந்தியிலே நிறுத்திச் சாட்டையால் அடிப்பது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17 ஆம் பிரிவிலே, உடல் தண்டனையை மட்டுமன்று, மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பைக் கீழே வைத்தவர், விரல் நுனியால் அடிக்கலாகாது.

ஆசிரியர் தரப்பு நியாயத்தையும் மறக்கலாகாது. அவரும் உழைப்பாளி, அவருக்கும் வீடுண்டு, இரவுண்டு. பெற்றோரும் நிருவாகமும் நினைத்த நேரத்தில் அவரை அழைத்து ஏவல் செய்வது உழைப்புச் சுரண்டலே. ஆசிரியையின் எண்ணைப் பலர் கைக்கும் கொடுத்து அவரை நள்ளிரவுத் தொல்லைக்கு ஆளாக்குவதும் அதே கொடுமைதான். ஆகவே பள்ளியே ஓர் எண்ணைத் தரட்டும். ஆசிரியரின் சொந்த எண் அவருடையதாகவே இருக்கட்டும்.

"எங்களை ஐயுறுகிறீர்களா? எங்கள் தொண்டுக்கு இதுவா பரிசு?" என்று நல்லாசிரியர் மனம் நோகலாம். அவரை நாம் அன்போடு கேட்போம்: மாநாடு முடிந்ததும், பொருளாளர் மேடையேறி வரவு செலவுக் கணக்கைப் படிக்கிறாரே, அவரைத் திருடர் என்றா நாம் எண்ணுகிறோம்? நேர்மையான பொருளாளர்தான் கணக்கை முதலில் நீட்டுவார். கணக்குக் கேட்பது பழியன்று, மக்களாட்சியின் முறை. பொய்ப்புகார் வந்தாலும், திறந்த வழியில் பேசிய ஆசிரியரை அந்தத் திறந்த வழியே காப்பாற்றும்.

இனி, யாவற்றினும் துயரமான இடத்துக்கு வருகிறோம். தகாத செய்தி வந்தது. பெண் துணிந்து வீட்டிலே சொல்லிவிட்டாள். வீடு என்ன செய்கிறது? முதலில் அவள் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்குகிறது! அடுத்து, பள்ளியை விட்டு நிறுத்துகிறது. அதற்கடுத்து மாப்பிள்ளை தேடுகிறது! அனுப்பியவன் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போகிறான். பெற்றவள் படிப்பை இழக்கிறாள். குற்றம் அவனுக்கு; தண்டனை இவளுக்கு! இதை அறிந்த பெண் ஏன் வாய் திறப்பாள்? அவளுடைய மௌனம் கோழைத்தனமன்று. கல்வியைக் காத்துக்கொள்ள அவள் போட்ட கணக்கு. கற்பு என்ற சுமையைப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றிவைத்த சமுதாயத்தைப் பெரியார் சாடினாரே, அந்தச் சுமையின் புதிய வடிவம் இது. குடும்ப மானம் பெண்ணின் கைப்பேசியிலே குடியிருக்கிறதாம்! பள்ளி நிருவாகத்துக்கோ பள்ளியின் மானம், "வெளியே தெரிந்தால் அடுத்த ஆண்டு சேர்க்கை குறையுமே!" என்ற கவலை.

சட்டம் இவர்களைவிட முன்னே நிற்கிறது. 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், தீய பாலியல் நோக்கோடு குழந்தையை மின்னணு வழியிலே மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வதையும், 11 ஆம் பிரிவிலே குற்றமென்கிறது. அதற்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்கு அறிவித்தே தீர வேண்டும் என்கிறது 19 ஆம் பிரிவு. அறிவிக்காமல் மறைத்தால் தண்டனை. நிறுவனத் தலைவர் தம் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது 21 ஆம் பிரிவு. பிள்ளையின் பெயரை வெளியிடலாகாது என்கிறது 23 ஆம் பிரிவு. பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணும் உண்டு. சட்டம் இருக்கிறது, எண் இருக்கிறது, சொன்னால் படிப்பு போய்விடாது என்ற நம்பிக்கைதான் பிள்ளைக்கு இல்லை. அந்த நம்பிக்கையைச் சட்டப் புத்தகம் தராது. நாம்தான் தர வேண்டும்.

இளைஞர்களே! ஊர்தோறும் படிப்பகம் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். உங்கள் தெருப் பள்ளிக்குச் செல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலே உங்கள் அக்காவும் அண்ணனும் உறுப்பினராக இருக்கலாம். அவர்களைக் கொண்டு கேளுங்கள்: ஆசிரியர், மாணவர் கைப்பேசித் தொடர்புக்கு எழுதப்பட்ட நெறி உண்டா? இல்லையெனில், அடுத்த கூட்டத்திலே ஐந்து வரியில் எழுதி, சுவரிலே ஒட்டச் செய்யுங்கள். 1098 உம் 14417 உம், கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் எழுதப்பட்டிருக்கட்டும். யாரும் காணாமல் படிக்க வேண்டிய பிள்ளை அங்கே படிக்கும். உங்கள் வீட்டுப் பெண் துணிந்து ஒன்றைச் சொன்னால், அவள் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். அந்தச் செய்தியை அழிக்காமல் காத்து, அவளோடு காவல் நிலையம் வரை நடந்து செல்லுங்கள். மறுநாள் காலை அவள் பள்ளிக்குப் போவதை உறுதி செய்யுங்கள். புகார் கொடுத்தது பாதி வெற்றி; புத்தகப் பையோடு அவள் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைவதே முழு வெற்றி.

நமக்குக் குரு வேண்டாம். காலில் விழச் சொல்பவரும், கட்டைவிரல் கேட்பவரும், கேள்வி கேட்டால் சபிப்பவரும் வேண்டாம். ஆசிரியர் வேண்டும். ஐயம் கேட்டால் மகிழ்பவர், தம் கணக்கைத் தாமே நீட்டுபவர், பிள்ளைக்கு அனுப்பிய ஒவ்வொரு சொல்லையும் ஊரறியப் படித்துக்காட்ட அஞ்சாதவர் வேண்டும். அத்தகையோர் இந்நாட்டிலே ஆயிரமாயிரம் பேர் இருக்கின்றனர். அவர்களை நாம் மதிக்கிறோம். மதிப்பதனால்தான் தெய்வமாக்க மறுக்கிறோம்.